வலது கை என்று சொன்னேன்

“எல்லாத் துகளையும் தடுக்க முடியாதுங்க ஐயா. ஆனா எந்தப் பக்கம் போகணும்னு எங்களால சொல்ல முடியும்” என்றார் டாக்டர் நிலோஃபர்.

கோவையில் அந்த மருத்துவமனையின் ஆறாவது மாடியில் நாங்கள் நான்கு பேர் அவர் முன் உட்கார்ந்திருந்தோம். நான், என் மனைவி செல்லாத்தாள், மகள் பூங்கொடி, பூங்கொடியின் மாமனார் சென்னியப்பன். சம்பந்தி வரவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஆபரேஷன் என்றால் சம்பந்தி வீட்டார் கூட வந்து உட்காருவது மரியாதை. வராவிட்டால் அது பேச்சாகிவிடும்.

எதிர்ச் சுவரில் செல்லாத்தாளின் மகாதமனி நீல வெளிச்சத்தில் துடித்துக்கொண்டிருந்தது. படம் அல்ல. அந்த நிமிஷம் அவள் நெஞ்சுக்குள் ஓடுவதை அப்படியே காட்டினார்கள். இதயத்திலிருந்து மேலே போய் கைத்தடியின் பிடிபோல் வளைந்து கீழே இறங்குகிறது. வளைவைத் தாண்டிய இடத்தில் பலூன்போல் வீங்கியிருந்தது. ஆறு சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது என்றார்கள். தானாக வெடித்தால் ஆம்புலன்ஸ் வரும்வரை கூட உயிர் தங்காது.

“நெஞ்சைப் பிளக்க வேண்டாம்” என்று டாக்டர் விளக்கினார். “தொடை வழியா கம்பியை ஏத்தி, வீங்கின இடத்துக்குள்ள ஒரு துணிக்குழாயை விரிச்சு விட்டுடுவோம். ரத்தம் அதுக்குள்ள ஓடும், வீக்கத்துல அழுத்தம் இருக்காது. சிக்கல் என்னன்னா, இது அறுபத்தாறு வயசுக் குழாய். உள்சுவர்ல கொழுப்பும் சுண்ணாம்பும் படிஞ்சிருக்கு. விரிக்கும்போது அது உதிரும். துணி மடிப்புல ஒளிஞ்சிருக்கற காத்துக் குமிழும் சேரும். தலைக்குப் போற கிளைகள் அங்கிருந்து ரெண்டு விரற்கடை தூரம்தான். துகள் போய் அடைச்சா பக்கவாதம்.”

“வாணல்ல அடி புடிச்சதச் சொரண்டற மாதிரீங்களா?” என்றார் சென்னியப்பன்.

“கிட்டத்தட்ட. குமிழ் வராம இருக்க துணிக்குழாயை முன்னாடியே கரியமில வாயுவால அலசிடுவோம். கிளை வாசல்ல வலை வைப்போம். பெருசெல்லாம் மாட்டிக்கும். வலைக் கண்ணைவிடச் சின்னது தப்பிக்கும். பத்து வருஷம் முன்னாடி வரைக்கும், தப்பிச்சது போற இடத்துக்குப் போகட்டும்னு விட்டோம். இப்போ கருவி இருக்கு. வலையைத் தாண்டற அந்தக் கணத்துல ஓட்டத்தைத் திருப்பி, எல்லாத்தையும் மூளையோட ஒரே பக்கத்துக்கு, அதுலயும் ஒரு ஓரத்துக்கு அனுப்பிடும்.”

நான் முப்பத்துநான்கு வருடம் பாசன வாய்க்கால்களில் பொறியாளராக இருந்தவன். எனக்கு இது உடனே பிடிபட்டது.

“வெள்ளம் ஊருக்குள்ள வராம இருக்க ஒரு பக்கம் கரையை வெட்டி விடுவோம். யாரோ ஒருத்தர் வெள்ளாமைக் காடு முழுகும்” என்றேன்.

“அதேதான் ஐயா.”

“யார் காட்டுல விடறதுன்னு முன்னாடியே முடிவு பண்ணணும்.”

“அதுக்குத்தான் இப்போ கூப்பிட்டேன்” என்றார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். மற்றவர்களுக்குப் புரிவதற்கு முன் எனக்குப் புரிந்துவிட்டது என்பதில், என் மனைவியின் மரணம் சுவரில் துடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், எனக்குப் பெருமை இருந்தது.

டாக்டர் செல்லாத்தாளைப் பார்த்துக் கேட்டார். “நீங்க வலது கைப் பழக்கமா, இடது கைப் பழக்கமாம்மா?”

இதைக் கேட்பதற்கான காரணத்தையும் அவரே சொன்னார். வலது கைக்காரர்களில் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குமேல் பேச்சு மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. ஆகவே அவர்களுக்குத் துகளை வலது பக்கம் அனுப்பலாம். கொஞ்ச நாள் இடது கைவிரல்கள் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். இடது கைக்காரர்களில் சிலருக்குப் பேச்சு வலது பக்கம் போயிருக்கும். யாருக்கு என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அவர்களுக்கு மட்டும் ஒரு நாள் முழுக்கச் சுரங்கம்போன்ற ஸ்கேன் இயந்திரத்தில் படுக்கவைத்து, பேசச் சொல்லி, மூளைக்கு வரைபடம் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கருவிக்குப் பக்கம் சொல்வார்கள்.

செல்லாத்தாள் என்னைப் பார்த்தாள். இடது கையை மெதுவாக முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“வலது கைதானுங்க” என்றேன் நான். “எங்க குடும்பத்துல இடது கைப் பழக்கம் யாருக்கும் கெடையாது.”

“அம்மா சொல்லட்டுமே.”

“அவிய சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்” என்றாள் செல்லாத்தாள்.

சென்னியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பி, மேம்பாலத்தில் வரிசையாகப் போகும் ஆளில்லா வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் திரையைத் தொட்டார். பச்சை எழுத்தில் ‘வலது’ என்று வந்தது.

அது பொய். ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமான நாலாம் நாள் விருந்தில் செல்லாத்தாள் இடது கையால் அன்னக்கரண்டியைப் பிடித்துச் சாதம் பரிமாறினாள். அவளுக்குத் தெரியவில்லை. பிறந்த வீட்டில் யாரும் தடுத்ததில்லை போலிருக்கிறது. என் பெரியப்பா இலையை மடித்துவிட்டு எழுந்தார். அவர் எழுந்ததும் பந்தியே எழுந்தது. இந்தப் பெண்ணைக் கொண்டுபோய் அவள் வீட்டிலேயே விட்டுவிட்டு வா என்றாள் என் அம்மா. நாற்பது நாள் கொடுங்கள், மாற்றிக்காட்டுகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

ஒரு மல் துண்டால் அவளுடைய இடது மணிக்கட்டை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். காலையில் சமைக்கப் போகும்போது கட்டுவேன், இரவு சாப்பாடு முடிந்ததும் அவிழ்ப்பேன். அவள் அழவில்லை. கையை அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டுவதற்குக் காத்திருப்பாள். நாற்பது நாள் முடிந்தபோது சரளமாக வலது கையால் பரிமாறினாள். பெரியப்பா வந்து சாப்பிட்டார். குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்றே நினைத்தேன். வெளியே சொல்லிப் பெருமைப்பட முடியாததுதான் அன்று எனக்குக் குறையாக இருந்தது.

பிறகு பூங்கொடியைப் பெண் பார்க்கச் சென்னியப்பன் குடும்பம் வந்தபோது, அவருடைய தாயார், கண்டிப்பான மனுஷி, எல்லார் முன்னாலும் கேட்டார்: “உங்க வம்சத்துல ஆராச்சும் நொட்டாங்கை உண்டுங்களா?” நான் நெஞ்சில் கைவைத்து, இல்லை என்றேன். அந்தச் சொல்லின் மேல்தான் சம்பந்தம் நடந்தது. அதே சென்னியப்பன் மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது டாக்டரிடம் மாற்றிச் சொல்வது எப்படி?

இன்னொன்றும் நினைத்தேன். இடது கைவிரல்கள் மந்தமாகும் என்றுதானே டாக்டர் சொன்னார். மந்தமானால் ஆகட்டும், அந்தக் கையை நாற்பத்தாறு வருடத்துக்கு முன்பே நான் நிறுத்திவைத்துவிட்டேன் என்று நினைத்தேன். நினைத்தது நான்தான். அதை வேறு யார் தலையிலும் ஏற்ற முடியாது.

மாலை, படுக்கையில் சேர்க்கும்போது நர்ஸ் ஒரு சிறிய ஒலிவாங்கியை நீட்டினாள். ஆள் மாறாமலிருக்க, நோயாளியே தன் குரலில் சில விவரம் சொல்லிப் பதிய வேண்டுமாம்.

“உங்க பேரு?”

“செல்லாத்தாள்.”

“கணவர் பேரு?”

செல்லாத்தாள் சிரித்தாள். “அதெல்லாம் எதுக்குங்க அம்முணி. அட்டையில போட்டிருக்குதுல்ல.”

“அட்டையில இருக்கறத நீங்க சொல்லணும்மா.”

“என்ற மாமனாரோட அப்பாரு பேருங்க.”

“அவரு பேரு?”

“அது இவிய பேருதானுங்க.”

பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “சிஸ்டர், நீங்க நாளைக்கு வரைக்கும் கேட்டாலும் சொல்லாதுங்க. எங்க வீதி முக்குல நாச்சிமுத்து ஸ்டோர்ஸ்னு ஒரு கடை. அப்பா பேருங்கறதால அம்மாவுக்கு அது இன்னைக்கும் ‘மூலைக் கடை’தான். அந்தப் பேருல காய் கொண்டாரவரு ஒருத்தரு. அவரு ‘வண்டிக்கார அண்ணன்’.”

நர்ஸும் சிரித்துவிட்டு, அதற்குப் பதிலாகச் செல்லாத்தாளின் அப்பா பெயரைச் சொல்லச் சொல்லிப் பதிந்துகொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் பிடித்தும் இருந்தது. நாற்பத்தாறு வருடமாக அவள் வாயில் எனக்குப் பெயர் ‘ஏனுங்க’ என்பதுதான்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். ஏழு மணிக்கு நான் டாக்டர் அறை வாசலில் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டாக்டர் நின்றுகொண்டே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியம் போதும். தள்ளிவைத்து வரைபடம் எடுத்திருப்பார்கள். அதற்குள் பின்னாலிருந்து, “சம்பந்தி, இங்கீங்களா இருக்கறீங்க? காப்பி கொண்டாந்தேன், ஆறிப்போவுதுங்க” என்று சென்னியப்பன் பிளாஸ்குடன் வந்தார்.

டாக்டர் தலைநிமிர்ந்தார். “ஏதாவது கேக்கணுமா ஐயா?”

“இல்லீங்க. நல்லபடியா முடிச்சுக் குடுங்க” என்றேன்.

நல்லபடியாகவே முடிந்தது. துணிக்குழாய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. வீக்கம் அடங்கியது. வலையில் மாட்டியவற்றைக் கண்ணாடிக் குப்பியில் காட்டினார்கள். மஞ்சளும் வெள்ளையுமாக, ரவையைப்போல் இருந்தது. இத்தனையும் அம்மா தலைக்குப் போயிருக்கும் என்று பூங்கொடி கண் கலங்கினாள். தப்பித்த பொடியை மட்டும் கருவி திருப்பியிருந்தது. சொன்ன பக்கத்துக்கே.

மத்தியானம் செல்லாத்தாள் கண் விழித்தாள். எங்களை அடையாளம் தெரிந்தது. பூங்கொடி, “அம்மா, வலிக்குதா?” என்றாள். செல்லாத்தாள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, நாக்கு அசைந்தது, காற்று வந்தது. சொல் வரவில்லை. மறுபடி முயன்றாள். அவள் முகத்தில் அப்போது வந்த ஆச்சரியத்தை நான் பார்த்தேன். வீட்டுச் சாவியை எப்போதும் மாட்டும் ஆணியில் காணாதவளைப்போல இருந்தது அது. இடது கை போர்வை மேல் கிடந்தது. தூக்கப் பார்த்தாள். விரல் நுனி மட்டும் நடுங்கியது.

டாக்டர் நிலோஃபர் அவளை இயந்திரத்துக்குள் அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார். அப்போது சென்னியப்பன் ஊருக்குப் போயிருந்தார். நானும் பூங்கொடியும் மட்டும்.

“கருவி தப்புப் பண்ணலை” என்றார் டாக்டர். அவர் குரல் வறண்டிருந்தது. “பத்துப் பதினஞ்சு துகள்தான் தப்பிச்சுது, எல்லாமே வலது ஓரத்துக்குப் போயிருக்கு. வேற யாருக்காவது இருந்தா நாளன்னைக்கு வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். ஆனா இவங்களோட பேச்சு அந்த ஓரத்துலதான் இருந்திருக்கு. வலது கைக்காரங்கள்ல இப்படி இருக்கறது ரொம்ப அபூர்வம். நான் பார்த்ததில்லை. அதான் மறுபடி கேக்கறேன். அம்மா சின்ன வயசுல இடது கைப் பழக்கமா?”

“இல்லீங்க டாக்டர்” என்றாள் பூங்கொடி, எனக்கு முன்னாலேயே. “நான் பொறந்ததுலருந்து பாக்கறேன். அம்மா எல்லாமே வலது கைதானுங்க. அப்பா, சொல்லுங்கப்பா.”

என் பொய்யை என் மகள் உண்மையென்று நம்பி, எனக்காக வாதாடிக்கொண்டிருந்தாள்.

“இல்ல கண்ணு” என்றேன். “இடது கை. நான் மாத்துனேன்.”

துண்டைப் பற்றிச் சொன்னேன். நாற்பது நாளைப் பற்றிச் சொன்னேன். காலையில் வாசல்வரை வந்து திரும்பியதையும் சொன்னேன். டாக்டர் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஒரு நாள் தள்ளியிருக்கும் ஐயா. ஒரே ஒரு நாள்” என்றார்.

கடிந்து பேசியிருந்தால் எனக்குத் தாங்கும் பழக்கம் உண்டு. அவர் அதோடு நிறுத்திக்கொண்டார்.

வெளியே நடைபாதையில் பூங்கொடி சுவரில் சாய்ந்து நின்றாள். “நான் ஒண்ணாவது படிக்கறப்போ பென்சிலை இடது கையில புடிச்சேனுங்கப்பா” என்றாள். “அம்மா கரண்டிக் காம்புல அடிச்சுது. ‘உங்கப்பா வர்றதுக்குள்ள மாத்திக்கோ கண்ணு, மாத்திக்கோ’ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சுது. அடிக்கறதும் அதேதான், அழுவறதும் அதேதான். அடிவாங்கற நான் அழுவாம நிக்கறேன், இது எதுக்கு அழுவுதுன்னு எனக்கு அப்பப் புரியல.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மாத்திரை, சாப்பாடு, டாக்டர் வரும் நேரம், இவற்றைத் தவிர என்னிடம் எதுவும் பேசுவதில்லை. மரியாதை குறையவில்லை. ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறாள். முன்பைவிட அதிகமாகவே போடுகிறாள்.

ஒன்பதாம் நாள் பேச்சுப் பயிற்சியாளர் செல்லாத்தாள் முன் படங்களை வைத்துக்கொண்டிருந்தார். பசு, குடம், சூரியன். எதற்கும் குரல் வரவில்லை. நான் கட்டில் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவள் சலித்துப்போய்ப் படத்தைத் தள்ளிவிட்டாள். தண்ணீர்க் குவளையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நாச்சிமுத்து” என்றாள்.

தெளிவாக, ஓர் எழுத்தும் குழறாமல். பயிற்சியாளர் கையிலிருந்த படத்தைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். செல்லாத்தாளுக்கே பயம் வந்துவிட்டது. வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கையை எடுத்து ‘தண்ணி’ என்று சொல்ல முயன்றது எனக்குத் தெரிந்தது. மறுபடியும் “நாச்சிமுத்து” என்றுதான் வந்தது. அவள் கண்ணில் நீர் வழிந்தது. நான் தண்ணீரை எடுத்துக் கொடுத்தேன்.

டாக்டர் அவசரமாகப் புது வரைபடம் எடுத்துச் சுவரில் காட்டினார். மூளையின் வலது பக்கம் ஓர் இடம் இருண்டு கிடந்தது. இடது பக்க ஓரத்தில் ஒற்றைப் புள்ளி பொன்னிறமாக எரிந்தது.

“இப்படி ஒரே ஒரு வார்த்தை தங்கறது உண்டு” என்றார். “சிலருக்குத் திட்டற வார்த்தை, சிலருக்குச் சாமி பேரு. நாம வாயால பேசின வார்த்தைங்க எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து ஒரு இடத்துல இருக்கும். அது போயிடுச்சு. இந்தப் பேரை அவங்க வாயால சொன்னதே இல்லைன்னு நர்ஸ் சொன்னாங்க. அதனாலயோ என்னவோ, இது அந்தக் கூட்டத்துல சேரலை. வேற இடத்துல தனியா இருந்திருக்கு. இது என்னோட ஊகம்தான், நிரூபிக்க முடியாது.”

“சொல்லவே சொல்லாத வார்த்தை எப்படி டாக்டர் இவ்வளவு வெளிச்சமா இருக்கும்?” என்று பூங்கொடி கேட்டாள்.

“மனசுக்குள்ள சொல்லியிருக்கணும். எத்தனை தடவைன்னு எனக்குத் தெரியாது. வெளிச்சத்தைப் பார்த்தா, நிறைய.”

கோபத்திலா, ஆசையிலா, என்ன தொனியில் சொல்லியிருப்பாள் என்று கேட்க நினைத்தேன். அதை வரைபடம் காட்டாது என்று எனக்கே தெரியும்.

மூன்று வாரத்தில் வீட்டுக்கு வந்தோம். இப்போது அவளுக்கு எல்லாமே நாச்சிமுத்துதான். பசித்தால் நாச்சிமுத்து, கால் வலித்தால் நாச்சிமுத்து, பால் பொங்கினால் நாச்சிமுத்து. முதலில் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டே இருந்தாள். பிறகு வேறு வழியில்லாமல் சொல்லத் தொடங்கினாள். வாசலில் போகிறவர்கள் நின்று கேட்கிறார்கள். என்னை ‘ஐயா’ என்று மட்டுமே கூப்பிட்டவர்கள் இருக்கும் வீதி அது. ஒரு நாள் பால்காரர் கேட்டை விட்டு வெளியே போய்ச் சிரித்தது என் காதில் விழுந்தது. சிரிக்கட்டும் என்று நினைத்தேன். தொனியை வைத்து அர்த்தம் கண்டுபிடிக்கப் பழகினேன். கடைசி எழுத்தை இழுத்தால் தண்ணீர். முதலெழுத்தில் அழுத்தினால் ‘வேண்டாம்’.

மருத்துவமனையில் ஒரு பயிற்சி சொல்லி அனுப்பியிருந்தார்கள். நன்றாக இருக்கும் வலது கையைத் தினமும் சில மணி நேரம் துணியால் கட்டிவைக்க வேண்டும். அப்போதுதான் செயலிழந்த இடது கை வேலை செய்ய முயலும். மந்தமான கையைச் சும்மா விட்டால் மூளை அதை மறந்துவிடுமாம். “வீட்டுல யாராவது தினமும் கட்டி விடணும். யாரு கட்டுவீங்க?” என்று பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் கேட்டாள். நான் கட்டுகிறேன் என்றேன். பூங்கொடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதல் நாள் நான் துணியை எடுத்துக்கொண்டு போனபோது, செல்லாத்தாள் இடது கையைத்தான் நீட்டினாள். அது தூக்க வராத கை. வலது கையால் அதைத் தூக்கி எடுத்து, இடுப்பில் வைத்து, காத்திருந்தாள்.

“அது இல்ல, செல்லா” என்றேன். வலது கையைப் பிடித்து நானே எடுத்துக் கட்ட வேண்டியிருந்தது.

அப்படிக் கட்டியிருந்த ஒரு காலையில்தான் சென்னியப்பன் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழமும் கைசுற்று முறுக்கும் கொண்டுவந்திருந்தார். செல்லாத்தாள் மேஜைமுன் உட்கார்ந்து, இடது கையால் ஒரு மரக்கட்டையை நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“நாச்சிமுத்து” என்றாள் அவரைப் பார்த்து. வாங்க என்று அர்த்தம்.

சென்னியப்பன் சிரித்தார். “பாத்தீங்களா சம்பந்தி, நாப்பத்தாறு வருசக் கடனைத் தங்கச்சி மொத்தமாத் தீக்குது.” பிறகு துணியைப் பார்த்தார். “இதென்னங்க, நல்ல கையக் கட்டி வெச்சிருக்கறீங்க?”

பயிற்சி என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. பூங்கொடி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உங்க வீட்டுக்கு நான் ஒரு பொய் சொல்லிப்போட்டேனுங்க சம்பந்தி” என்றேன். “பொண்ணுப் பாக்க வந்தன்னைக்கு உங்க ஆத்தா கேட்டாங்க. இல்லைன்னு நெஞ்சுல கைவெச்சுச் சொன்னேன். இவ இடது கைக்காரி. உங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னுதான் டாக்டர்கிட்டயும் மறைச்சேன். பேச்சு போனது அதனாலதானுங்க.”

சொல்லி முடித்து, அவர் எழுந்து போவார் என்று காத்திருந்தேன். என் பெரியப்பா எழுந்ததைப்போல.

சென்னியப்பன் எழவில்லை. ஒரு முறுக்கை எடுத்து, உடைக்காமல் கையில் வைத்திருந்தார்.

“அன்னைக்கு நான் கை கழுவ வீட்டுக்குப் பின்னால பொடக்காளிக்குப் போனேனுங்க” என்றார். “தங்கச்சி அங்க தேங்கா ஒடைச்சுட்டு இருந்துச்சு. இடது கையில அருவா. ஒரே போடு. சரி பாதியாப் பொளந்துது. எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அப்படி ஒரு போடு வராதுங்க. நான் பாத்தத அதும் பாத்துருச்சு. அருவாளைக் கீழ வெச்சுட்டு அப்படியே நின்னுச்சு. நான் கையக் கழுவிட்டு வந்துட்டேன். ஆத்தாகிட்ட மூச்சு விடலீங்க.”

“அப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“இருபது வருசமா.”

“ஆஸ்பத்திரியில...”

“பக்கத்துலதானுங்க உக்காந்திருந்தேன்.” அவர் குரல் இறங்கியது. “நீங்க வலது கைன்னீங்க. சம்பந்தி பேச்சை டாக்டர் முன்னால நான் எப்படிங்க மறுக்கறது? உங்களுக்கு மரியாதைக் கொறைச்சலாப் போயிருமேன்னு ஜன்னலைப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். மக்யாநாள் காலையில உங்களை அந்தக் கதவுகிட்டப் பாத்தப்போ, சொல்லத்தான் வந்திருக்கறீங்கன்னு தெரிஞ்சுது. நாங் கூப்பிட்டிருக்கக் கூடாதுங்க.”

சமையலறை வாசலில் பூங்கொடி இல்லை. உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் மூடவில்லை.

இருபது வருடமாக யாரிடமிருந்து மறைத்தேனோ அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவருக்குத் தெரியும் என்பது செல்லாத்தாளுக்கும் தெரிந்திருக்கிறது. டாக்டர் அறையில் அவள் கையை முந்தானைக்குள் மறைத்தது சென்னியப்பனுக்காக இல்லை. எனக்காக. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் மரியாதையைக் காப்பாற்றிக்கொடுத்திருக்கிறார்கள். நான் என்னவோ குடும்ப மானத்தை ஒற்றை ஆளாகத் தாங்கிக்கொண்டிருப்பதாக நினைத்து, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன்.

சென்னியப்பன் விடைபெற்றுப் போனார். முறுக்கு உடையாமல் தட்டில் இருந்தது.

செல்லாத்தாள் கட்டையை மேஜை விளிம்புவரை நகர்த்திவிட்டாள். அது தடாலென்று கீழே விழுந்தது. குனிய முடியவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நாச்சிமுத்து.”

இந்தத் தொனி நான் பழகியவற்றில் இல்லை. இழுக்கவில்லை, அழுத்தவில்லை. உள்ளே எத்தனையோ தடவை சொன்ன தொனி இதுவாகத்தான் இருக்க வேண்டும். என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

“ஏனுங்க” என்றேன். குனிந்து கட்டையை எடுத்து, அவள் இடது கையருகில் வைத்தேன்.